கோட்டுக்குக் கீழே இருபத்தொரு பேர்

இல்லை சார், இந்த வீட்டில் ரேடியோ இல்லை. தாராளமாகத் தேடிப் பாருங்கள். மாடியில் ஓடுவது ஏரியல் இல்லை, துணி காயப்போடும் கம்பி. தபாலாபீஸிலிருந்து லைசென்ஸ் பார்க்க வருகிற இன்ஸ்பெக்டர்கள் எல்லாருமே அந்தக் கம்பியைப் பார்த்துவிட்டுத்தான் படியேறுகிறார்கள். போன வருஷம் வந்தவர் கட்டிலுக்கு அடியில் டார்ச் அடித்தார். என் பழைய செருப்பு ஒன்று கிடைத்தது. ஒற்றைச் செருப்பு. ரெண்டு வருஷமாகத் தேடிக்கொண்டிருந்தது. அவருக்கு நன்றி சொல்லி அனுப்பினேன்.

உட்காருங்கள். அந்த நாற்காலி வேண்டாம், ஒரு கால் ஆடும். இதில் உட்காருங்கள். திரேசு! சாருக்குக் காபி!

என் மனைவி. திரேசம்மாள். அவள்தான் ரேடியோ கூடாது என்கிறாள். தூத்துக்குடியில் இன்றைக்கு முடிவெட்டும் கடையில் ரேடியோ இருக்கிறது, வெற்றிலைப் பாக்குக் கடையில் இருக்கிறது, உப்பளத்துக் காவல்காரன் குடிசையில்கூட ஒன்று கரகரக்கிறது. இந்த வீட்டில் மட்டும் இல்லை. வேடிக்கை என்னவென்றால், இந்த ஊரில் முதன்முதலாக ரேடியோவில் பேசியவன் யார் தெரியுமா? உங்கள் எதிரில் உட்கார்ந்திருக்கிறான்.

சிரிக்காதீர்கள். கஸ்பார் வாஸ் என்று துறைமுகத்துப் பழைய ஆட்கள் யாரிடமாவது கேளுங்கள். 'கமா கஸ்பாரா?' என்பார்கள். அது ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

அவளுக்கு ரேடியோ பிடிக்காததற்குக் காரணம் எங்கள் முதலாளி மேல் உள்ள கோபம். நியாயமான கோபம் என்றுதான் நானும் சொல்கிறேன். கோபம் அவர் மேல்தான். என் மேல் ஒன்றும் இல்லை. முழுக்கக் கேட்டுவிட்டு நீங்களே சொல்லுங்கள், என் மேல் கோபப்பட ஏதாவது இருக்கிறதா என்று.

முப்பத்தெட்டாம் வருஷம். வெள்ளைக்காரன் காலம். 'தென்கரை மணி' என்று ஒரு தினசரி நடந்தது, கடற்கரை ரோட்டில். பால்வண்ணம் முதலாளி அதற்குச் சொந்தக்காரர். நான் அதில் காப்பி ஹோல்டர். காப்பி ஹோல்டர் என்றால் கையெழுத்துப் பிரதியைச் சத்தம் போட்டு வாசிக்கிறவன். எதிரே புரூப் ரீடர் உட்கார்ந்து, அச்சுத் தாளில் அது சரியாக வந்திருக்கிறதா என்று பார்ப்பார். நான் வாசிக்கவேண்டும், அவர் திருத்தவேண்டும். ஒரு எழுத்து கூட்டக் கூடாது, ஒரு எழுத்து குறைக்கக் கூடாது. யோசிக்கவே கூடாது. யோசித்தால் வாசிப்பு தடுக்கும். அப்போதே ஒன்பது வருஷமாக அந்த வேலை. அர்த்தம் தெரிந்து வாசித்தேனா என்று கேட்டால், சார், அது என் வேலையே இல்லை.

முதலாளி ஒரு தடவை கொழும்புக்குப் போனார். அங்கே ஓட்டலில் ரேடியோ கேட்டார். திரும்பி வந்ததும் எங்களையெல்லாம் கூப்பிட்டு, "நாமளும் ஒண்ணு வைக்கப் போறோம்" என்றார். எங்கள் கணக்கர் அவர் இட்லி அண்டாவைச் சொல்கிறார் என்று நினைத்தார். எப்படியோ யார் யாரையோ பார்த்து ஆறு மாதத்துக்கு அனுமதி வாங்கிவிட்டார். இயந்திரம் கப்பலில் வந்தது. அதோடு தேவசகாயம் என்று ஒரு மெக்கானிக்கும் வந்தான். நாசரேத்துப் பையன், நல்ல கைத்திறன், வாய்தான் அடங்காது.

ஆபீஸ் மாடியில் ஒரு அறையை ஒழித்து ஸ்டுடியோ ஆக்கினோம். வெளிச்சத்தம் உள்ளே வரக்கூடாது என்று தேவசகாயம் சொன்னான். கம்பளி வாங்கலாம், கார்க்கு வாங்கலாம் என்றான். முதலாளி கேட்டுவிட்டு, "நம்மகிட்ட இல்லாததா?" என்று கீழே குடோனைத் திறந்துவிட்டார். விற்காமல் ஏஜண்டுகளிடமிருந்து திரும்பி வந்த 'தென்கரை மணி' கட்டுக் கட்டாகக் கிடந்தது. அதைச் சுவரோடு சுவராகக் கூரை வரை அடுக்கினோம். ஊசி விழுந்தால் கேட்கும் அமைதி. பத்திரிகை விற்காததில் இப்படி ஒரு பிரயோஜனம் இருக்கும் என்று யார் நினைத்தார்?

அடுத்த கேள்வி, யார் பேசுவது? ஆசிரியர் மூக்கால் பேசுவார். உதவி ஆசிரியருக்கு மைக்கைப் பார்த்தாலே விக்கல். முதலாளி யோசித்து, "நம்ம ஆபீசில் சத்தம் போட்டு வாசிக்கிறதுக்குன்னே சம்பளம் வாங்குற ஆளு யாரு?" என்றார். எல்லாரும் என்னைப் பார்த்தார்கள்.

அப்படித்தான் சார் ஆரம்பம். முதல் நாள் வணக்கம் சொல்லி வாசிக்கத் தொடங்கினேன். ஒன்பது வருஷப் பழக்கம், விடுமா? "சென்னை கமா அக்டோபர் இரண்டு கமா கவர்னர் அவர்கள்" என்று போய்க்கொண்டே இருந்தேன். தேவசகாயம் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்று தலையில் அடித்துக்கொண்டான். எனக்கு அவன் ஈ ஓட்டுகிறான் என்று பட்டது. அன்றைக்கு வந்த பெயர்தான் கமா கஸ்பார். ஒரு வாரத்தில் திருந்திவிட்டேன், பெயர் திருந்தவில்லை.

ஊரில் ரேடியோப் பெட்டி வைத்திருந்தவர்கள் முப்பது பேர் இருப்பார்கள். உப்பு முதலாளிகள், நிலக்கரி ஏஜண்டுகள், ரெண்டு வெள்ளைக்காரர்கள். மற்றவர்களுக்காக ஆபீஸ் வாசலில் ஒரு கம்பம் நட்டு, பூசணிப்பூ மாதிரி பெரிய குழாய் ஒன்றைக் கட்டினோம். சாயங்காலம் ஆறரைக்கு எதிர் மணலில் கூட்டம் உட்கார்ந்துவிடும். வலை இழுத்துவிட்டு வருகிறவர்கள், மீன் விற்றுவிட்டு வருகிறவர்கள், துறைமுகத்துக் கூலிக்காரர்கள். திரேசும் வருவாள். அப்போது கல்யாணமாகி ஒரு வருஷம்தான். என் மாமியாரையும் கூட்டிக்கொண்டு முன்வரிசையில் உட்காருவாள். நான் வீட்டுக்குப் போனதும், "இன்னிக்கு ரெண்டு இடத்துல மூச்சு வாங்குனீங்க" என்பாள். அவ்வளவு கவனம்.

இதெல்லாம் நன்றாகத்தான் போனது. பத்து நாளில் விற்பனை மேனேஜர் முதலாளியிடம் போய் அழுதார். "எல்லாச் செய்தியையும் சாயங்காலமே ஓசியில சொல்லிப்போட்டா, காலையில பேப்பரை எவன் வாங்குவான்?" அதுவும் நியாயம்தானே? முதலாளி ஒரு ராத்திரி தூங்காமல் யோசித்தார். மறுநாள் ஒரு சிவப்புப் பென்சிலோடு வந்தார்.

கோடு.

தினம் ஆறு மணிக்கு அன்றைய செய்திப் பிரதி முதலாளி மேஜைக்குப் போகும். அவர் ஒவ்வொரு செய்தியிலும் சிவப்புக் கோடு ஒன்று போடுவார். கோட்டுக்கு மேலே இருப்பது ரேடியோவுக்கு. கீழே இருப்பது பத்திரிகைக்கு. நான் கோடு வரை வாசித்துவிட்டு, "மேல் விவரம் நாளைக் காலை 'தென்கரை மணி'யில் காண்க" என்று முடிக்கவேண்டும். எங்கே போடுவது என்பதில் அவர் கெட்டிக்காரர் சார். கோவில்பட்டியில் தீப்பெட்டித் தொழிற்சாலைக்குள் சிறுத்தை புகுந்துவிட்டது. வாசலில் காவல்காரன் சுடலைமுத்து தனியாக நிற்கிறான். சிறுத்தை திரும்பிப் பார்த்தது. கோடு.

மணலில் ஒரே கூச்சல். "ஏ கமா! அவன் இருக்கானா, செத்தானா?"

மறுநாள் காலை நானூறு பிரதி கூடுதலாகப் போனது. சுடலைமுத்து ஓட்டு மேல் ஏறிவிட்டான், அவ்வளவுதான் செய்தி.

கால்பந்துப் பந்தயமா, ஆட்டம் முடிய ரெண்டு நிமிஷம் இருக்கையில் கோடு. சமையல் குறிப்பா, நண்டு மசாலா அரைத்து அடுப்பில் ஏற்றியதும் கோடு. ஒரு அம்மாள் நண்டைச் சட்டியோடு தூக்கிக்கொண்டு ஆபீஸுக்கே வந்துவிட்டாள். பாட்டிலும் கோடு போடலாம் என்று முதலாளிக்கு ஆசை. பாட வந்த பாகவதர் சரணம் முடியாமல் எழுந்திருக்க மாட்டேன் என்று தம்பூராவைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

விற்பனை ஏறியது. திரும்பி வரும் கட்டுகள் குறைந்தன. அதில் ஒரு சங்கடம். ஏஜண்டுகள் கூடுதல் பிரதி கேட்டு நச்சரிக்கையில், பொட்டலம் மடிக்கப் பழைய பேப்பர் கிடைக்காமல் கடைக்காரர்களும் கேட்க ஆரம்பித்தார்கள். ஸ்டுடியோச் சுவரிலிருந்து கட்டுக் கட்டாக உருவிக் கொடுத்தோம். ரெண்டாவது மாதக் கடைசியில் சுவர் என் தோள் உயரம்தான் இருந்தது. கடல் சத்தம் லேசாக உள்ளே கேட்க ஆரம்பித்தது.

காபி வந்துவிட்டது. எடுத்துக்கொள்ளுங்கள். திரேசு, சார் ரேடியோக் கதை கேட்கிறார்.

போய்விட்டாள். இந்தக் கதை தொடங்கினால் அவள் நிற்க மாட்டாள். பல தடவை கேட்டாயிற்று, அலுப்பு.

டிசம்பர் பிறந்தது. கொழும்பிலிருந்து மூன்று தோணிகள் ஒன்றாகக் கிளம்பின. மூன்றும் நம் ஊர்த் தோணிகள், பாய்மரம். நாற்பத்தொரு பேர். அதில் ஒருவன் சந்தியாகு, திரேசின் தம்பி. இருபது வயசு. முதல் தடவையாகத் தோணியேறியவன். அவன் கிளம்பின மறுநாள் புயல் அடித்தது. தந்திக் கம்பியெல்லாம் விழுந்துவிட்டது. நாலு நாள் எந்தத் தகவலும் இல்லை. மாதா கோவிலில் ஓயாமல் செபம். ஊரில் பாதி அடுப்பு எரியவில்லை. சாயங்காலம் ஆனால் எல்லாரும் குழாய்க்குக் கீழே வந்து உட்கார்ந்துவிடுவார்கள். நான் வாசிக்கிற ஒவ்வொரு செய்தியையும் வாயைப் பார்த்துக்கொண்டு கேட்பார்கள். குழாயின் வாயைத்தான் சொல்கிறேன். திரேசு சாப்பிடவே இல்லை. "ஏதாச்சும் வந்தா ஒங்களுக்குத்தானே மொதல்ல தெரியும்?" என்று தினமும் கேட்பாள். "ஆமாம்" என்பேன். எனக்கு அதில் ஒரு பெருமை.

ஐந்தாவது நாள் சாயங்காலம் ஐந்து நாற்பதுக்குத் தந்தி வந்தது. எங்கள் கொழும்பு நிருபர் அடித்திருந்தார். தோணிச் சொந்தக்காரர்களுக்கே தகவல் கிடைக்கவில்லை, எங்களுக்குத்தான் முதலில். மூன்று தோணியும் இலங்கைக் கரையிலேயே கற்பிட்டிப் பக்கம் ஒதுங்கிவிட்டன. பாய் போயிற்று, சரக்குப் போயிற்று, ஆட்கள் ஒருவருக்கும் ஒன்றுமில்லை. நாற்பத்தொரு பேரும் பிழைத்தார்கள். கீழே நாற்பத்தொரு பெயர். சந்தியாகு இருபத்தொன்பதாவது. எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது சார். மனுஷன்தானே.

ஆசிரியர் தமிழில் எழுதினார். பிரதி முதலாளி மேஜைக்குப் போய்த் திரும்பி வந்தது. 'நாற்பத்தொரு பேரும் பிழைத்தனர்' என்ற முதல் வரியைச் சிவப்பில் வட்டமிட்டு, 'இது தலைப்பு, பத்திரிகைக்கு மட்டும்' என்று எழுதியிருந்தார். பெயர்ப் பட்டியலில் இருபதாவது பெயருக்குக் கீழே கோடு. போட்டுவிட்டு அவர் காரில் ஏறித் திருநெல்வேலிக்கு ஒரு கல்யாணத்துக்குப் போய்விட்டார்.

ஆறரைக்கு உட்கார்ந்தேன். "புயலில் சிக்கிய தோணிகளில் இருந்தவர்களில் கற்பிட்டியில் கரை சேர்ந்தவர்களின் பெயர்கள்." நல்ல நிதானமாக வாசித்தேன். ஒவ்வொரு பெயருக்கும் நடுவில் ஒரு மூச்சு. தொம்மை, இன்னாசி, காதர் மீரான், பெரிய சவரி... இருபதாவது பெயர் பிச்சையா. கோடு. "மேல் விவரம் நாளைக் காலை 'தென்கரை மணி'யில் காண்க."

ஒரு இடத்தில்கூடத் தடுக்கவில்லை. என் வாழ்க்கையிலேயே நல்ல வாசிப்பு அதுதான்.

மைக்கை அணைத்துவிட்டு உட்கார்ந்திருந்தேன். கடல் சத்தம் அன்றைக்குக் கூடுதலாகக் கேட்டது. புயலுக்குப் பிறகு அலை இன்னும் அடங்கவில்லை என்று நினைத்தேன். அப்போது தேவசகாயம் கதவைத் தள்ளிக்கொண்டு வந்தான். கீழே போய்விட்டு வந்திருக்கிறான். மூச்சு வாங்குகிறது.

"ஓய், என்னவே பண்ணிப்போட்டீரு? கீழ ஒப்பாரி வைக்காவ! மத்த இருபத்தொரு பேரும் போயிட்டாவன்னு மாருல அடிச்சிக்கிடுதாவ! மீதியை வாசியும்!"

"கோட்டுக்குக் கீழே வாசிக்க எனக்கு அதிகாரம் இல்லை" என்றேன்.

"கோடாவது மண்ணாவது! ஒரே ஒரு வரி. எல்லாரும் பொழைச்சாச்சுன்னு. அத மட்டும் சொல்லும்."

அந்த ஒரு வரிதான் சார் தலைப்பு. அதில்தான் வட்டமே போட்டிருக்கிறது. அவனுக்கு அது புரியவில்லை, மெக்கானிக்தானே. முதலாளிக்குப் போன் பண்ணு என்றேன். திருநெல்வேலியில் கல்யாண வீட்டில் போன் எங்கே இருக்கிறது? ஆசிரியரைக் கேள் என்றேன். அவர் கூட்டத்தைப் பார்த்துப் பின்வாசல் வழியாகப் போய்விட்டார். தேவசகாயம் பால்கனிக்கு ஓடி, கையைக் குழாய் மாதிரி வைத்துக்கொண்டு கத்தினான். "எல்லாரும் பொழைச்சாச்சு! ஒருத்தரும் சாகல!"

யாரும் நம்பவில்லை. அதுதான் நான் உங்களுக்குச் சொல்ல வருவது. அழுகையை அடக்க ஆறுதலுக்குச் சொல்கிறான் என்று நினைத்தார்கள். "நீ சொல்லாதே, ரேடியோவுல சொல்லச் சொல்லு" என்று கத்தினார்கள். திரும்பி ஓடி வந்தான். "ஒம்ம குரல்ல சொன்னாத்தான் நம்புவாவளாம்வே!"

எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது. ஒன்பது வருஷம் நாலு சுவருக்குள் ஒரு புரூப் ரீடருக்காக வாசித்தவன். அவரும் பாதி நாள் தூங்குவார். இப்போது ஒரு ஊரே என் குரலில் சொன்னால்தான் நம்புவேன் என்கிறது. எப்பேர்ப்பட்ட மரியாதை! அப்படிப்பட்ட குரலை விதியை மீறிப் பயன்படுத்தலாமா? இன்றைக்குக் கோட்டைத் தாண்டினால் நாளைக்கு அந்தக் குரலுக்கு என்ன மதிப்பு? முதலாளி வேறு ஆளை உட்காரவைக்க எவ்வளவு நேரம் ஆகும்? அந்த நாற்காலியை விட்டுவிட்டு மறுபடியும் புரூப் மேஜைக்கா போவேன்?

அவன் பிரதியைப் பிடுங்க வந்தான். மடித்துச் சட்டைக்குள் போட்டுக்கொண்டேன். அச்சுக்குப் போகவேண்டிய காப்பி. கிழிந்தால் யார் பொறுப்பு?

கடைசியாக அவன் குரலை இறக்கிக்கொண்டு சொன்னான். "ஒம்ம வீட்டுக்காரி படிக்கட்டுல நிக்கா. தம்பி பேரு வரலையேன்னு கேக்கா."

நான் கல் இல்லை சார். உடனே தகவல் சொல்லி அனுப்பினேன். "அழவேண்டாம், வீட்டுக்குப் போய் ஒரு வாய் சாப்பிடச் சொல், காலையில் நான் வருகிறேன்." இதைவிட ஒரு மனுஷன் என்ன செய்வான்? நானே இறங்கிப் போய்ச் சொல்லியிருக்கலாம் என்று தேவசகாயம் பிறகு ஊரெல்லாம் சொன்னான். போயிருப்பேன். புரூப் இருந்தது. இந்தச் செய்திக்கே புரூப். ஒரு பெயர் மாறினால் என்ன ஆகும், யோசித்துப் பாருங்கள்.

தவிர, எனக்கு ஒரு ஆசையும் இருந்தது. காலையில் மை காயாத முதல் பிரதியை நானே கொண்டுபோய் அவள் கையில் கொடுக்கவேண்டும். அவள் முகம் எப்படி மலரும்! அந்த ஒரு ராத்திரி எனக்குத் தூக்கமே இல்லை, அவ்வளவு சந்தோஷம்.

கிளம்பினேன். விடிகிற நேரம். வீடு பூட்டிக் கிடந்தது. மாதா கோவிலுக்குப் போனேன். அங்கே இறந்தவர்களுக்கான பூசை நடந்துகொண்டிருந்தது, இருபத்தொரு பேருக்கும் சேர்த்து. கறுப்புத் துணி போட்டிருந்தார்கள். என் மாமியார் தலைவிரி கோலமாகத் தூணில் சாய்ந்திருந்தாள். திரேசு முழங்காலில் நின்றாள். பக்கத்தில் போய்ப் பத்திரிகையை நீட்டினேன். "முதல் பக்கம், மூன்றாவது பத்தி, ஒன்பதாவது பெயர்" என்று மெதுவாகச் சொன்னேன். பூசை நடக்கையில் சத்தமாகப் பேசக்கூடாதே.

அவள் தலைப்பைப் படித்தாள். பிறகு நாற்பத்தொரு பெயரையும் ஒவ்வொன்றாக, விரலை வைத்து, கடைசி வரை படித்தாள். பிறகு எழுந்து, சத்தமாக, முதலிலிருந்து வாசிக்க ஆரம்பித்தாள். கோவிலுக்கு நடுவில் நின்று. சாமியார் பூசையை நிறுத்திவிட்டார். ஒவ்வொரு பெயருக்கும் ஒரு மூலையிலிருந்து ஒரு கத்தல். வாசிப்பு சுமார்தான். மூச்சு விடுகிற இடமெல்லாம் தப்பு. ஆனால் ஒரு பெயரையும் விடவில்லை.

முடித்துவிட்டு என் பக்கம் திரும்பினாள். "ஒங்களுக்கு எப்பத் தெரியும்?"

"நேற்று ஐந்து நாற்பதுக்கே" என்றேன். "ஊரிலேயே முதல் ஆள் நான்தான்."

பத்திரிகையை நாலாக மடித்து என் கையில் கொடுத்துவிட்டு, அம்மாவைத் தாங்கிக்கொண்டு நடந்தாள். ராத்திரி முழுக்க அழுத களைப்பு.

அன்றைக்கு ஒன்பதாயிரம் பிரதி போயிற்று. முதலாளி எனக்கு ஒரு சுவர்க் கடிகாரம் பரிசு கொடுத்தார். அதில் ஏதோ கோளாறு, மணி அடிக்காது. ஆனால் சாயங்காலம் ஆறரைக்கு மணலில் ஒரு ஆள் இல்லை. மறுநாளும் இல்லை. நான் வாசிக்கிறேன், குழாய் பேசுகிறது, எதிரே நாலு ஆடு நிற்கிறது. அதற்கடுத்த வாரம் அந்தக் கம்பத்தில் யாரோ வலையைக் காயப்போட்டிருந்தார்கள், குழாயின் வாயை மூடி. ஆறு மாத அனுமதி முடிவதற்குள் முதலாளி இயந்திரத்தை விற்றுவிட்டார். எல்லாம் அந்தத் தேவசகாயத்தால் வந்தது. பால்கனியில் நின்று கத்தினால் ரேடியோவுக்கு என்ன மரியாதை இருக்கும்? நான் மறுபடி புரூப் மேஜைக்குப் போனேன். ரிட்டயர் ஆகும் வரை அங்கேதான்.

சந்தியாகு? எட்டு நாளில் வந்து சேர்ந்தான், நல்ல கருவாடு மாதிரி. அவனுக்கு என் மேல் வருத்தமே இல்லை. "மச்சான், நான் கோட்டுக்குக் கீழயாமே!" என்று சிரிப்பான். சம்பந்தப்பட்டவனே சிரித்துவிட்டான். அப்புறம் மற்றவர்களுக்கு என்ன?

அதற்குப் பிறகு ஒரு தடவை, சுதந்திரம் வந்த வருஷம், ஒரு பெட்டி வாங்கலாமா என்று கேட்டேன். "இந்த வீட்டுக்குள்ள அது வேண்டாம்" என்றாள். முதலாளியை அவளால் மன்னிக்க முடியவில்லை. அவர் செத்தே பன்னிரண்டு வருஷம் ஆகிறது.

ஒரு நிமிஷம். வாசலில் யாரோ கூப்பிடுகிறார்கள்.

பக்கத்து ஐஸ் கம்பெனி கிளார்க்தான். பாளையங்கோட்டையிலிருந்து போனாம். இங்கே போன் கிடையாது, அங்கேதான் வரும். பாருங்கள், திரேசு செருப்புக்கூடப் போடாமல் ஓடுகிறாள். எங்கள் மகள் எமிலி. ஒரே பெண். முதல் பிரசவம். நேற்றே ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டார்கள். குழந்தை திரும்பவில்லை, ஆபரேஷன் வேண்டியிருக்கலாம் என்று டாக்டரம்மா சொன்னாள். மாப்பிள்ளை அங்கேயே இருக்கிறார். நான் ஏன் போகவில்லை என்றால் எனக்கு முட்டி. எனக்கு முட்டி இல்லாவிட்டால் இப்போது நானே ஓடியிருப்பேன்.

என்ன இவ்வளவு நேரம்? ஐஸ் கம்பெனி இதோ, அடுத்த சுவர்தான்.

இன்னும் கொஞ்சம் காபி? வேண்டாமா?

வந்துவிட்டாள். திரேசு, என்ன?

கேட்டீர்களா? "பெத்துட்டா" என்கிறாள். திரேசு! ஆணா பெண்ணா? ஆபரேஷனா? எமிலி எப்படி இருக்கிறாள்? ஏய், எமிலி பேசினாளா? திரேசு!

உள்ளே போய்விட்டாள். அம்மி ஓடுகிற சத்தம் கேட்கிறது, பாருங்கள்.

அது ஒன்றுமில்லை சார், மறதி. கல்யாணமான புதிதில் இல்லை, பிறகு வந்தது. எந்தத் தகவலும் பாதி சொல்வாள், மறந்துவிடுவாள். சந்தியாகுவுக்குப் பெண் நிச்சயமானபோது பெண் எந்த ஊர் என்று மறுநாள்தான் சொன்னாள். எனக்குக் கண்ணில் ஆபரேஷன் பண்ணவேண்டுமா வேண்டாமா என்று டாக்டர் அவளிடம்தான் சொன்னார். அதுவும் மறுநாள். நான் கோபப்படுவதில்லை. வயசு ஆகிறது, பாவம். இருபத்திரண்டு வயசிலேயே ஆரம்பித்துவிட்டது, அதுதான் ஆச்சரியம்.

ஏன் எழுந்துவிட்டீர்கள்? டம்ளரை உள்ளே வைக்கவேண்டுமா? நீங்கள் எதற்கு, அவளே எடுத்துக்கொள்வாள். சரி, போங்கள், இப்படியே நேரே, அடுக்களை அங்கேதான்.

...

வாருங்கள், வாருங்கள். என்ன அவ்வளவு நேரம் பேசிக்கொண்டிருந்தாள் உங்களிடம்? கையில் என்ன, சீனியா? வாயெல்லாம் சிரிப்பாக இருக்கிறதே!

இல்லை சார். சொல்லாதீர்கள். வேண்டாம். உங்கள் முகத்தைப் பார்த்தாலே எனக்குப் பாதி தெரிந்துவிட்டது. மீதியை அவளே சொல்லட்டும். காலைக்காபி கொடுக்கும்போது ஒன்று விடாமல் சொல்வாள், எடை எவ்வளவு, யார் ஜாடை என்பது வரைக்கும். இத்தனை வருஷத்தில் காலைக்கு மேல் அவள் ஒரு தடவைகூடத் தள்ளியதில்லை. அந்த விஷயத்தில் அவளைக் குறை சொல்லவே முடியாது.

ராத்திரிதான் சார் கொஞ்சம் நீளம்.